தாள் பிலிமுக்காகக் காத்திருப்போர்

பத்திரிகைத் தொழிலுக்குள் நான் நுழைந்த காலத்தில், ஆசிரியபீடத்துக்குப் பின்னால் இருந்த இருட்டறையில் ஒரு பென்னம்பெரிய கமரா நின்றது. பக்க அமைப்பாளர்கள் கத்தரித்து ஒட்டி முடித்த பக்கத்தை அதன் முன்னாலிருந்த சட்டத்தில் மாட்டுவார்கள். இருட்டறைக்குள் நிற்பவர், சிவப்பு விளக்கின் மங்கலான வெளிச்சத்தில், பத்திரிகைப் பக்கத்தின் அளவுடைய ஒரு பிலிம் தாளை எடுத்துக் கமராவின் பின்புறத்தில் பொருத்துவார். சில நிமிடங்களில் அந்தப் பக்கம் முழுவதும் கறுப்பும் தெளிவுமாக ஒரே நெகட்டிவில் வந்துவிடும். அதிலிருந்துதான் அச்சுத் தகடு தயாராகும். நாங்கள் அதைப் புகைப்படக்கலை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அது பத்திரிகை வெளியாவதற்கான வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான்.

பின்னர் கணினி வந்தது. பக்கங்கள் கணினியிலிருந்து நேரடியாகவே தகட்டுக்குப் போயின. கமராவும் போனது, பிலிம் தாள்களும் போயின. அதைப் பற்றி எவரும் இரங்கற்கட்டுரை எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பிலிமின் நெருங்கிய உறவான கறுப்பு-வெள்ளைத் தாள் பிலிமுக்காக உலகெங்கும் ஒரு சிறு கூட்டத்தினர் இன்றும் காத்திருக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன். முக்காலியில் மரக் கமராவை நிறுத்தி, தலையைக் கறுப்புத் துணியால் மூடிக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரேயொரு தாளில் படமெடுப்பவர்கள் இவர்கள். 4க்கு 5 அங்குலம், 8க்கு 10 அங்குலம், சிலருக்கு அதிலும் பெரியது. எங்காவது ஒரு தொழிற்சாலை புதியதொரு கறுப்பு-வெள்ளைத் தாள் பிலிமை வெளியிடக்கூடும் என்ற செய்தி கசிந்தாலே இவர்களிடையே உற்சாகம் பிறக்கிறது. பெரும்பாலும் அது ஏமாற்றத்தில் முடிகிறது. இந்த எதிர்பார்ப்புக்கு அடிப்படை ஏதும் உண்டா என்பதை அறிய வேண்டுமானால், இந்தப் பிலிம் எவரால், எவருக்காக உருவாக்கப்பட்டது என்ற வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அந்த வரலாற்றின் ஓர் ஏடு இலங்கையிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞர்களுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் தமது கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் எங்கள் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன். ஜூலியா கமரன் 12க்கு 15 அங்குலம் வரையிலான கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தவர். அத்தகடுகளை அவர் கடையில் வாங்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னதாகக் கண்ணாடியின் மீது கொலோடியன் கரைசலைத் தம் கையாலேயே ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலர்வதற்கு முன் படமெடுத்துக் கழுவி முடித்தாக வேண்டும். அன்றைய புகைப்படக்காரர் எல்லோருமே தமக்கான 'பிலிமை'த் தாமே தயாரித்துக்கொண்டவர்கள்.

அந்த அம்மையார் 1879 ஜனவரியில் இலங்கையின் மலைநாட்டில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய முற்றத்தில் அவரது கல்லறை உள்ளது. அதே 1879ஆம் ஆண்டில், இலண்டனுக்குக் கிழக்கே இல்போர்ட் என்னும் ஊரில், அல்பிரட் ஹாமன் என்பவர் தமது வீட்டின் நிலவறையில் உலர்தகடுகளைத் தயாரிக்கத் தொடங்கினார். 1871இல் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் முன்வைத்த ஜெலற்றின் முறையே அதற்கு அடிப்படை. வெள்ளி புரோமைட்டை ஜெலற்றினில் கலந்து பூசினால் தகட்டை உலரவிட்டு மாதக்கணக்கில் வைத்திருக்கலாம்; ஓரிடத்தில் தயாரித்து உலகெங்கும் விற்கலாம். கையால் தகடு பூசிய கலைஞர் மறைந்த ஆண்டிலேயே தகடு தொழிற்சாலைப் பண்டமாக மாறத் தொடங்கியது தற்செயல்தான். ஆயினும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது: அன்றுமுதல் புகைப்படக்காரரின் கைவினை ஒரு தொழிற்சாலையின் கணக்குப் புத்தகத்துடன் பிணைக்கப்பட்டுவிட்டது.

1888இல் பிலடெல்பியாவில் ஜோன் கார்பட் கண்ணாடிக்குப் பதிலாக செலுலோயிட் தாள்களில் ஒளியுணர் கலவையைப் பூசி விற்றார். தாள் பிலிம் என்பது இங்கிருந்தே தொடங்குகிறது. அடுத்த ஆண்டிலேயே ஜோர்ஜ் ஈஸ்ட்மனின் நிறுவனம் செலுலோயிட் சுருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுருள் சாதாரண மக்களுக்கு, தாள் தொழில் வல்லுநர்களுக்கு என்ற பிரிவினை அதன்பின் நெடுங்காலம் நீடித்தது.

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தாள் பிலிமே முதல் மரியாதையைப் பெற்றது. கொடக் நிறுவனத்தின் புகழ்பெற்ற ட்ரை-எக்ஸ் பிலிம் முதலில் வெளிவந்தது 1940இல், தாள் வடிவில். 35 மில்லிமீற்றர் சுருளாக அது கிடைப்பதற்கு 1954 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புதிய பிலிம் முதலில் தாளில் வரும். சிறு கமராக்காரர்கள் பொறுத்திருக்க வேண்டும். இன்றைய நிலைமை இதற்கு நேர்மாறானது என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

தாள் பிலிம் என்றதும் கலை வரலாறு நினைவுபடுத்துவது எட்வேர்ட் வெஸ்டனையும் அன்சல் அடம்ஸையும்தான். ஒரு குடைமிளகாயைச் சிற்பம்போல் ஆக்கிய வெஸ்டனின் 1930ஆம் ஆண்டுப் படம் 8க்கு 10 அங்குல நெகட்டிவில் எடுக்கப்பட்டது. 1941இல் நியூ மெக்ஸிக்கோவின் ஹெர்னாண்டஸ் கிராமத்தின் மேல் நிலவு எழும் காட்சியை அடம்ஸ் எடுத்ததும் அதே அளவுத் தாளில்தான். ஒளிமானி கைக்குக் கிட்டாத அவசரத்தில் நிலவின் பிரகாசத்தை மனக்கணக்காக வைத்து ஒரு தாளில் படமெடுத்தார். இரண்டாவது தாளுக்கு ஆயத்தமாகுமுன் கல்லறைச் சிலுவைகளின் மீதிருந்த வெயில் மறைந்துவிட்டது. அந்த ஒரு தாள்தான் மிஞ்சியது.

ஆனால் தொழிற்சாலைகளை ஓடச் செய்தவர்கள் வெஸ்டனும் அடம்ஸும் அல்லர். மணப்பெண்ணையும் பட்டதாரியையும் படமெடுத்த தெருமுனை ஸ்ரூடியோக்கள், 4க்கு 5 அங்குல ஸ்பீட் கிரபிக் கமராவுடன் ஓடித் திரிந்த அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள், விளம்பர நிறுவனங்கள், வரைபடத் திணைக்களங்கள், பொலிஸ் பதிவகங்கள், எக்ஸ்-கதிர்ப் படமெடுத்த மருத்துவமனைகள், நான் தொடக்கத்தில் குறிப்பிட்டதுபோல் ஒவ்வொரு இரவும் பக்கங்களை பிலிமாக்கிய அச்சகங்கள் ஆகியோரே பெருமளவில் தாள்களை வாங்கினர். பிலிமை நேசித்ததற்காக அவர்கள் அதை வாங்கவில்லை. வேறு வழியில்லாததால் வாங்கினார்கள். வேறு வழி கிடைத்த அன்றே விலகிச் சென்றார்கள். எங்கள் அலுவலகமும் அப்படித்தான் விலகியது. கலைஞர்கள் அதுகாறும் பிறருடைய தேவையின் நிழலில் குடியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரியவந்தது.

2004 தொடக்கம் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2004 ஓகஸ்டில் பிரித்தானியாவின் இல்போர்ட் நிறுவனம் கடன் தீர்க்க முடியாத நிலையில் நிர்வாகப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2005 மே மாதத்தில் ஜேர்மனியின் அக்பாபோட்டோ வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதே ஆண்டில் கறுப்பு-வெள்ளை அச்சுத் தாள் தயாரிப்பைக் கைவிடுவதாகக் கொடக் கூறியது. 2007இல் ஹங்கேரியின் போர்ட்டே ஆலை ஓய்ந்தது. அதே ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் ரொசெஸ்டர் நகரில் கொடக் தனது பழைய ஆலைக் கட்டடங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தது. 2012 ஜனவரியில் கொடக்கே வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. அவ்வாண்டிலேயே குரோஷியாவின் போட்டோகெமிகா ஆலையில் மூப்படைந்த இயந்திரங்கள் பழுதடைந்ததோடு எப்கே பிலிம்களின் உற்பத்தியும் நின்றது. 1950களின் சூத்திரங்களில் தயாரான எப்கே தாள்கள், பழைய பிலிம்களின் சாயலை விரும்பியோருக்கு மிகவும் பிடித்தமானவை.

இந்த மூடல்களின் கதையைச் சந்தையின் கதையாக மட்டும் பார்த்தால் போதாது. ஒளியுணர் கலவையைப் பூசும் இயந்திரம் ஒரு மீற்றருக்கும் அதிகமான அகலத்தில், பல ஆயிரம் அடி நீளமான படலத்தின் மீது, முழு இருளில், தலைமயிரின் பருமனிலும் குறைந்த தடிப்பில் கலவையைப் பரப்புகிறது. இதை எழுத்தில் உள்ள சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எவராலும் செய்துவிட முடியாது. எந்த வெப்பநிலையில் ஜெலற்றின் எப்படி நடந்துகொள்ளும், எந்தச் சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அங்கு வேலை செய்தவர்களின் கைப்பழக்கத்தில் இருந்தவை. ஆலை மூடப்படும்போது அந்த அறிவு வீட்டுக்குப் போய்விடுகிறது. சில ஆண்டுகளில் மயானத்துக்கும் போய்விடுகிறது.

புதிய தாள் பிலிம் ஏன் அரிதாகவே வருகிறது என்பதற்கும் இங்கேயே விடை உண்டு. 36 படங்கள் எடுக்கும் ஒரு சுருளின் பரப்பும் 8க்கு 10 அங்குலத் தாள் ஒன்றின் பரப்பும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் சுமார் 80 சதுர அங்குலம். அப்படியானால் ஒரே பூச்சிலிருந்து சுருளையும் தாளையும் வெட்டிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. சுருள் வளைய வேண்டும். அதன் அடிப்படலம் ஏறத்தாழ 0.125 மில்லிமீற்றர் தடிப்பானது. தாளோ கமராவுக்குள் வளையாமல் தட்டையாக நிற்க வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 0.18 மில்லிமீற்றர் தடிப்பான பொலியெஸ்ரர் தேவை. ஆகவே கலவை ஒன்றேயானாலும் தாளுக்கென்று வேறு படலம் வாங்கி, தனியாக ஒரு தடவை இயந்திரத்தை ஓட்டிப் பூச வேண்டும். பின்னர் இருளில் வெட்டி, பிலிம் எது என்று விரலால் தடவி அறிவதற்கான அடையாள வெட்டை மூலையில் இட்டு, பெட்டியில் அடைக்க வேண்டும். இயந்திரத்தை ஒரு தடவை ஓட்டினால் வரும் குறைந்தபட்ச அளவே மிகப் பெரியது. அது காலாவதியாகுமுன் விற்றுத் தீர வேண்டும். மாதத்துக்குப் பத்துத் தாள் பயன்படுத்துபவரின் ஆசை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கணக்கை அது மாற்றிவிடாது.

கடந்த சில ஆண்டுகளின் அனுபவங்கள் இதை உறுதிப்படுத்துகின்றன. ஜப்பானின் பூஜிபிலிம் தனது அக்ரோஸ் 100 பிலிமை நிறுத்தப்போவதாக 2018இல் அறிவித்தது. பெருங்கமராக்காரர்களுக்கு அது பேரிழப்பு. மங்கிய ஒளியில் நீண்ட நேரம் திறந்துவைத்து எடுக்கும் படங்களில் பெரும்பாலான பிலிம்கள் உணர்திறனை இழக்கும். அக்ரோஸ் இரண்டு நிமிடம் வரை திருத்தமெதுவும் கோராது. 2019இல் அக்ரோஸ் II வருகிறது என்ற செய்தி வந்தபோது அவர்கள் மகிழ்ந்தார்கள். வந்தது சுருள்கள் மட்டுமே. பெட்டியின் மீது பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்டது என்ற குறிப்பும் இருந்தது. தாள் வடிவம் திரும்பி வரவில்லை. 2025இல் ஹாமன் நிறுவனம் வெளியிட்ட கென்ற்மியர் 200 பிலிமும் சுருளாகவே வந்தது. 1940இல் சுருள்காரர் காத்திருந்தார். இன்று தாள்காரர் காத்திருக்கிறார்.

பொதுமக்களிடம் பணம் திரட்டிச் செய்த முயற்சிகளும் உண்டு. பொலரொயிட் நிறுவனம் 2008இல் கைவிட்ட, உடனடி அச்சுடன் நெகட்டிவையும் தரும் 55ஆம் இலக்கத் தாள் பிலிமுக்கு மாற்றீடாக, நியூ55 என்ற அமெரிக்கக் குழு 2014இல் 4 இலட்சம் டொலருக்கு மேல் திரட்டியது. பிலிமைச் செய்தும் காட்டியது. ஆனால் 2017இன் இறுதியில் கதவை மூட நேர்ந்தது. இத்தாலியின் பில்ம் பெரானியா அதே 2014இல் 3 இலட்சத்து 20 ஆயிரம் டொலருக்கு மேல் திரட்டியது. வாக்களித்தது வண்ண ஸ்லைட் பிலிம். 2017இல் கையில் வந்தது பி30 என்னும் கறுப்பு-வெள்ளைச் சுருள். இவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்வது நியாயமாகாது. ஒரு தடவை திரட்டிய பணம் ஓர் ஆலையைத் தொடங்க உதவும். ஆண்டுதோறும் ஓட்ட உதவாது.

அப்படியானால் பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? பெரும்பாலும் தங்களைச் சுருக்கிக்கொண்டதால்தான். இல்போர்ட்டின் பிரித்தானியப் பிரிவை 2005இல் அதன் முன்னாள் முகாமையாளர் அறுவர் சேர்ந்து வாங்கி, நிறுவனரின் பெயரால் ஹாமன் ரெக்னோலொஜி என்று பெயரிட்டு, செஷயர் மாவட்டத்தின் மொபர்லி ஆலையைக் கறுப்பு-வெள்ளைக்கென்றே வைத்துக்கொண்டார்கள். எப்.பி.4 பிளஸ், எச்.பி.5 பிளஸ், டெல்டா 100 ஆகிய மூன்றும் இன்றும் தாளாகக் கிடைக்கின்றன. 1921இல் தொடங்கிய செக் குடியரசின் போமா நிறுவனம் தனது போமாபான் தாள்களை இன்றும் விற்கிறது. அடொக்ஸ் என்ற பழைய ஜேர்மனியப் பெயரைப் புதுப்பித்தவர்கள், அக்பாவின் லெவர்குசன் வளாகத்திலிருந்த சிறிய பூச்சு இயந்திரத்தை வாங்கிக் காத்தனர். பின்னர் 2013இல் வங்குரோத்தான சுவிஸ் இல்போர்ட்டின் மார்லி ஆலையில் நடுத்தர அளவு இயந்திரம் ஒன்றையும் தம்வசப்படுத்தினர். எப்கே மறைந்தபின் அதே மரபில் சி.எச்.எஸ். 100 II என்ற பிலிமைத் தாள்களாகவும் கொண்டுவந்தவர்கள் இவர்களே. பென்னம்பெரிய இயந்திரங்கள் அழிந்த இடத்தில் சிறிய இயந்திரத்துக்கு வாழ வழி இருந்தது.

வாங்குபவர்களின் பக்கத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 7க்கு 17, 12க்கு 20, 20க்கு 24 அங்குலம் போன்ற அளவுகளைக் கடையில் இருப்பு வைக்க எவராலும் முடியாது. எனவே மொபர்லி ஆலை ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் கட்டளைகளை ஏற்கிறது. விற்பனையாளர் ஊடாக முன்கூட்டியே கட்டளை கொடுத்தவர்களுக்கே அவரவர் அளவில் வெட்டித் தருகிறது. கொடக்கின் தாள்களுக்கும் இதே வழி உண்டு: அரிசோனாவைச் சேர்ந்த கமரா தயாரிப்பாளர் ஒருவர் பலருடைய தேவைகளை ஒன்றுசேர்த்து, ஆலை கேட்கும் குறைந்தபட்ச அளவை எட்டியதும் கட்டளை கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். இந்த ஏற்பாடுகளில் கவர்ச்சி ஒன்றுமில்லை. எங்கள் ஊர்களில் பெண்கள் சீட்டுப் பிடிப்பதைப் போன்றதுதான் இது; எல்லோரும் ஒழுங்காகக் கட்டினால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும்.

புதியதொரு தாள் பிலிம் வராது என்று அடித்துச் சொல்ல நான் துணியமாட்டேன். இளந்தலைமுறையினரிடையே 35 மில்லிமீற்றர் பிலிம் மீண்டும் பரவி வருவது உண்மை. அந்தச் சுருள்களின் வருமானம் ஆலைகளின் விளக்கை அணையாமல் வைத்திருக்கும்வரை, அதே கலவையைத் தடித்த படலத்தில் ஒரு தடவை பூசிப் பார்க்கும் துணிவு எவருக்காவது வரலாம். முன்னர் அச்சகங்களும் மருத்துவமனைகளும் கொடுத்த நிழலை இனிச் சிறு கமராக்காரர்கள் கொடுக்கக்கூடும். ஆனால் நூறாண்டு கால ஆய்வின் பயனான டெல்டாவும் ரி-மக்ஸும் ட்ரை-எக்ஸும் தாளாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்போது, இல்லாத ஒன்றுக்காக ஏங்குவோர் இருக்கும் ஒன்றை எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு பிலிம் நிறுத்தப்படுகிறது என்ற அறிவித்தல் வெளியானதும் எஞ்சிய பெட்டிகளை அள்ளிக் குளிர்பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் இவர்களிடம் உண்டு. அந்தப் பணத்தின் ஒரு பகுதியை முந்திய ஆண்டுகளில் செலவிட்டிருந்தால் சில அறிவித்தல்களாவது வந்திரா.

இதை எழுதும்போது என் சொந்தத் தொழிலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு பத்திரிகையோ சஞ்சிகையோ நின்றுபோனால், அதனுடன் வளர்ந்த கதையைச் சொல்லி வருந்தும் கடிதங்கள் பல நாடுகளிலிருந்தும் வரும். அந்த அன்பில் பொய்யில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் கடைசியாக அதைக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்டால், பதில் பல ஆண்டுகளுக்குப் பின்னால் போய்விடும். கமரன் அம்மையாருக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. தமக்கு வேண்டியதைத் தாமே பூசிக்கொண்டார். இன்றும் ஒரு சிலர் கண்ணாடியில் ஜெலற்றின் பூசித் தமக்கான தகடுகளைத் தயாரிக்கிறார்கள். அது முடியாத ஏனையோர் அடுத்த கட்டளைக் காலத்தைத் தவறவிடாமல் இருப்பதே செய்யக்கூடியது.